மேக்க கறுத்துட்டு வருது

ஜூன் 14, சனி

தென்காசியில் சாரல் தொடங்கிவிட்டது. மாடியில் நின்று மேற்கே பார்த்தால் மலை பாதிதான் தெரிகிறது, மீதியை மஞ்சு மூடியிருக்கிறது. காலை ஏழு மணிக்கு முப்பது படம் எடுத்தேன். கணினியில் போட்டுப் பார்த்தால் தென்னையும் வீடுகளும் பளிச்சென்று இருக்கின்றன. மேகம் இருந்த இடம் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “மேகம் எங்கலே?” என்றாள்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று கேமராவின் கணக்கை நம்பவில்லை. இருட்டான தென்னந்தோப்பு படத்தில் நிறைய இருந்தால், அதற்காக வெளிச்சத்தைக் கூட்டி மேகத்தைப் பலி கொடுத்துவிடுகிறது. வெளுத்துப்போன இடங்களைத் திரையில் மினுக்கிக் காட்டும் வசதி ஒன்று உண்டு. தொந்தரவு என்று இத்தனை நாள் அணைத்தே வைத்திருந்தேன்! எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, −1க்குக் குறைத்தபோதும் மேகத்தின் ஒரு விளிம்பு மினுக்கிக்கொண்டே இருந்தது. −1.3இல் அடங்கியது. தோப்பு கரியாகத்தான் விழுந்தது. சரி, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் RAW கோப்பாக எடுத்ததால் நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், கொஞ்சம் புள்ளி தட்டும், அவ்வளவுதான். வெளுத்த மேகத்தில் தூக்குவதற்கு ஒன்றுமே மிஞ்சாது.

ஜூன் 17, செவ்வாய்

நேற்று ராத்திரி மென்பொருளில் மங்கலை நீக்கும் டிஹேஸையும் விளிம்புகளை எடுப்பாக்கும் கிளாரிட்டியையும் கடைசிவரை தள்ளி, நீலத்தையும் இருட்டாக்கிவிட்டுத் தூங்கப் போனேன். பன்னிரண்டு மணிக்கு அற்புதமாக இருந்த படம்தான். காலையில் பார்த்தால் கோபுரத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு, வானமெங்கும் மணல் தூவின மாதிரி புள்ளி. அதற்குள் வாட்ஸ்அப்பில் போட்டாயிற்று. “புயல் எப்ப மாப்ளே வந்துச்சு?” என்று அத்தான் கேட்டிருந்தார்.

ஜூன் 22, ஞாயிறு

போலரைசர் ஃபில்டர் வந்து நான்கு நாளாகிறது. லென்ஸின் முன்னால் மாட்டிச் சுற்றினால் வானத்தின் நீலத்தை இறுக்கும் கண்ணாடி அது. காலையில் மலையைப் பார்த்து எவ்வளவு சுற்றினாலும் வானம் அசையவே இல்லை. ஏமாந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். தப்பு என்னுடையது. சூரியனிலிருந்து 90 டிகிரி விலகிய வானத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும். காலைச் சூரியன் என் முதுகுக்குப் பின்னால், நான் பார்ப்பது நேர் எதிர்த்திசை. வடக்கே திரும்பினேன், உடனே நீலம் இறுகியது. ஆனால் லென்ஸை 18 மில்லிமீட்டரில் வைத்து அகலமாக எடுத்தால் வானத்தின் நடுவே மட்டும் கருநீலமாக ஒரு திட்டு, இரு பக்கமும் வெளிறல்.

அப்புறம் உச்சி வெயிலில் மாடிக்குப் போனேன். மத்தியானம் கேமராவைத் தொடாதே என்பார்கள். ஆனால் சூரியன் தலைக்கு மேல் வந்துவிட்டால், அடிவானம் முழுக்க ஏறத்தாழ அந்த 90 டிகிரியில்தான் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே சீரான நீலம். அதில் வெள்ளை மேகம் தனியாக எடுத்து ஒட்டினதுபோல் நின்றது. காலையில் ஒரு தூறல் போட்டு தூசி அடங்கியிருந்ததும் உதவியிருக்கும்.

ஜூலை 6, ஞாயிறு

படத்தில் மலைக்கு மேலே மூன்று பருந்து. அடுத்த படத்திலும் அதே இடத்தில் அதே மூன்று! சென்சாரில் தூசி. லென்ஸ் துவாரத்தை எஃப்/16க்குச் சுருக்கி எடுத்ததால் பொட்டு வைத்த மாதிரி விழுந்திருக்கிறது. துவாரம் பெரிதாகும் எஃப்/8இல் கரைந்து தெரியாமல் போகும். ஊதுகுழாயால் தூசி தட்டினேன். வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறித்தால் செலவு வேறு.

ஜூலை 13, ஞாயிறு

மென்பொருளில் வானத்தையே மாற்றும் பொத்தான் ஒன்று இருக்கிறது. சும்மா அழுத்திப் பார்த்தேன். நம் மலைக்கு மேல் எந்த ஊர் மேகமோ வந்து உட்கார்ந்துகொண்டது. இது ஒன்றும் புதிய வேலை இல்லை. 1850களில் குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று இரண்டைச் சேர்த்து அச்சுப் போட்டிருக்கிறார். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடு நீலத்துக்கு அதிகமாகவே மசியும், கடல் சரியாக விழும் நேரத்தில் வானம் வெளுத்துவிடும். அவருக்கு வேறு வழி குறைவு. எனக்கு −1.3 இருக்கிறது. படத்தை அழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சுந்தரபாண்டியபுரம். சூரியகாந்தி பூத்திருக்கிறது. முற்றிய பூ கிழக்கே பார்த்தே நின்றுவிடும், அதனால் கிழக்கு வரப்பில் நின்றேன். பூ என்னைப் பார்த்தது, பின்னால் மலை, மலைக்கு மேல் கன்னங்கரேலென்று மேகம். பழக்கத்தில் அடிவானத்தைப் பார்த்து அளந்தால் மினுக்கியது மேகம் இல்லை, பூ! இன்று வெயில் தரையில், இருட்டு வானத்தில். மஞ்சள் வெளுக்காத அளவுக்குக் குறைத்ததும், மேகம் தன் கனத்தோடு அப்படியே இறங்கியது. ஆடிக் காற்றில் பூ நிற்கவில்லை, ஷட்டரை 1/1000 நொடிக்கு வைத்தேன். கணினியில் ஏறக்குறைய எதையும் தொடவில்லை.

ராத்திரி அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மலைப்பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இது அரைமணியில கொட்டியிருக்குமே. குடை கொண்டு போனியா?”

கேமரா உரச்சாக்குக்குள் வந்தது. நான் நனைந்துகொண்டே வந்தேன்.