கடைசியில் வந்த பீக்

பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில் பொறுக்கிய மக்கிய கட்டைகளில் இருந்துதான் என் பூஞ்சைகள் கிடைத்தன. ஈரமாக மூடி வைத்து, சில வாரம் கழித்து முளைத்ததைப் பிரித்து, பாதி கடல்நீர் சேர்த்த உருளைக்கிழங்குக் கரைசலில் வளர்த்தேன். அதுவரை பொறுமை போதும். கொழுப்பு அமிலம் பார்க்கும்போதுதான் மாட்டிக்கொண்டேன்.

வடிகட்டிய பூஞ்சை இழையை முதலில் உப்புப் போகக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் உப்பும் எடையில் ஏறி, கொழுப்பு குறைவாகத் தெரியும். அப்புறம் உறையவைத்து உலர்த்தி, அரைத்து, குளோரோஃபார்ம் இரண்டு பங்கு, மெத்தனால் ஒரு பங்கு. 1957-இல் ஃபோல்ச் குழுவினர் சொன்ன அதே கலவை. உப்புக்கரைசல் ஊற்றிக் குலுக்கி வைத்தால் இரண்டு அடுக்காகப் பிரியும். நடுவில் வெள்ளையாக ஓர் ஏடு நிற்கும். அது கலங்காமல், அடியில் இருக்கும் கொழுப்புக் கரைந்த அடுக்கை உறிஞ்ச எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அதை உலர்த்தி, எளிதில் ஆவியாகும்படி மெத்தில் எஸ்டராக்கி, ஹெக்சேனில் எடுத்து ஜி.சி.யில் ஏற்றினேன். அது கலவையைப் பிரித்து, ஒவ்வொரு பொருளையும் அது வெளிவரும் நேரத்தில் ஒரு பீக்காக, அதாவது முகடாக, வரைந்து காட்டும் கருவி (வாயு நிறப்பகுப்பி).

பால்மிடிக், ஒலியிக், லினோலியிக் என வழக்கமான கொழுப்பு அமிலங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. கடைசியில், மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பு அமிலமான டிஎச்ஏ வரவேண்டிய நேரத்தை ஒட்டி, உயரமாக இன்னொரு பீக்! இழைப்பூஞ்சையில் டிஎச்ஏவா? அதை ஏராளமாகச் சேர்ப்பவை திராஸ்டோகைட்ரிட்கள் என்ற கடல் நுண்ணுயிர்கள். ஒரு காலத்தில் பூஞ்சைக் கணக்கில் இருந்தாலும், அவை உண்மையில் பழுப்புப் பாசிகளின் தூரத்துச் சொந்தம். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் கைடு படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "பிளாங்க் ஓட்டினியாம்மா?"

ஓட்டவில்லை. பூஞ்சையே போடாமல், வெறும் கரைப்பான்களை மட்டும் அதே வழியில் கொண்டுபோய் ஓட்டினேன். அந்த பீக் அப்படியே நின்றது. பொருளை உடைத்து, துண்டுகளின் நிறையைக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் 149 ஓங்கியிருந்தது. அது பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கும் தாலேட்டின் அடையாளம். டிஎச்ஏ எஸ்டராக இருந்தால் 79 தூக்கலாக இருந்திருக்கும். நான் பயன்படுத்திய பிளாஸ்டிக் குழாயிலிருந்தும் பிப்பெட்டின் நீல டிப்பிலிருந்தும் குளோரோஃபார்ம் உருவி எடுத்த சரக்குதான் அது.

சரி, 14 மாதிரியும் முதலிலிருந்து. இந்த முறை எல்லாம் கண்ணாடி, டெஃப்லான் உள்வைத்த மூடி. அந்த பீக் காணாமல் போனது. போனதோடு மற்ற எண்களும் மாறின. எல்லா பீக்கின் பரப்பளவையும் நூற்றுக்குப் பங்கிட்டுத்தானே சதவீதம் போட்டிருந்தேன், அந்தப் போலி பீக்கும் அதில் பங்கு வாங்கியிருக்கிறது! லினோலியிக் இத்தனை நாள் குறைவாகவே காட்டியிருக்கிறது.

இப்போது கண்ணாடிக் குழாய் கழுவவே பாதி நாள் போகிறது.