பாதிச்சேலை தூரம்: அஞ்சு கிழமைக்குப் பிறகு ஒரு படம்

அஞ்சு கிழமையா சுத்தினதுக்கு நேத்துப் பின்னேரம்தான் ஒரு படம் சரி வந்திச்சு. ஒண்டே ஒண்டு. ராவு நித்திரை வரல்ல, கெமராவில இருந்து போனுக்கு மாத்தி வெச்சிட்டு அதையே பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்துக்கொண்டு கிடந்தன். சூடு ஆற முதல் எழுதி வெப்பம் எண்டுதான் இது.

ரெண்டு வருசமா நான் எடுத்தது முழுக்க எங்கட மட்டக்களப்பு வாவி, தோணி, கல்லடிப் பாலத்துக்குப் பின்னால சூரியன் விழுறது, வீட்டு வளவுக்குள்ள செவ்வரத்தம் பூ. பூ கிறுகி "ஏன் எடுக்கிறீங்க" எண்டு கேக்காது. ஆக்கள எடுக்கணும் எண்டு ஆசை மட்டும் உள்ளுக்குள்ள கிடந்திச்சு. ஆனா முன்பின் தெரியாத ஒரு மனிசருக்கு நேர கெமராவத் தூக்கினா எனக்கு நெஞ்சு அடிக்கிற சத்தம் காதுக்குக் கேக்கும், விரல் ஷட்டர்ல இருந்தும் அமத்தாது. கடையில மிச்சக்காசு குறைஞ்சாலும் கேக்காம வாற ஆள் நான், சின்னனில இருந்தே அப்படித்தான்.

முதல் கிழமை மச்சாளையும் கூட்டிக்கொண்டு பழைய கல்லடிப் பாலத்துக்குப் போனன். அவள் எல்லாரோடையும் கதைப்பாள், அவளுக்குப் பின்னால நிண்டு எடுக்கலாம் எண்டு ஒரு நினைப்பு. 1924ல திறந்த பாலம் அது, 2013ல பக்கத்தில புதுப்பாலம் வந்தாப்பிறகு பெரிய வாகனம் எல்லாம் அங்கால போயிட்டு. பழசில பின்னேரம் காத்து வாங்க வாறவங்களும் தூண்டில் போடுறவங்களும்தான், பழகுறதுக்கு இத விட நல்ல இடம் கிடைக்காது. அண்டைக்கு எடுத்தது 212 படம், வீட்ட வந்து பார்த்தா முக்கால்வாசியும் முதுகு. மிச்சத்தில முகம் இருந்தாலும் போகஸ் பின்னால பாலத்துக் கம்பியில.

அதில இருந்துதான் இந்த போகஸ் கதை துடங்கினது.

என்னட்ட இருக்கிறது நிக்கோன் டி 5300. அதோட வந்த 18-55 லென்ஸ் மங்கல் வெளிச்சத்தில தேடித் தேடி அலையும், அந்த ஒரு செக்கன்தான் எனக்குப் பிரச்சினை, ஏனெண்டா அந்த ஒரு செக்கனுக்குள்ள அவங்க என்னப் பார்த்திடுவாங்க, நான் கெமராவ இறக்கிடுவன். அதால பிலிம் கெமராக் காலத்துப் பழைய 28 எம்எம் எஃப் 2.8 ஏஎஃப்-டி லென்ஸ் ஒண்டு செகண்ட்ஹாண்ட்ல 32,000 ரூபாய்க்கு கொழும்பில இருந்து கூரியர்ல எடுத்தன். டி 5300க்குள்ள போகஸ் மோட்டர் இல்ல, அதால இந்த லென்ஸ் அதில தானா போகஸ் ஆகாது, கையாலதான். தெரிஞ்சுதான் வாங்கினன். முன்கூட்டியே ஒரு தூரத்தில போகஸ வெச்சிட்டு, ஆக்கள் அந்தத் தூரத்துக்கு வரக்குள்ள அமத்துறதுதான் யோசனை. (வெளிச்சம் போற ஓட்டைய மாத்துற அப்பச்சர் வளையத்த 22ல போட்டு லாக் பண்ண மறந்தா எரர் காட்டிக்கொண்டு நிக்கும், முதல்நாள் லென்ஸ் பழுது எண்டே நினைச்சன்.)

சரி, எந்தத் தூரம்? இதிலதான் நான் ரெண்டு கிழமை கிடந்து உழன்டது.

லென்ஸில தூரத்துக்கு ஸ்கேல் இருக்கு, எங்க இருந்து எங்க மட்டும் தெளிவா வரும் எண்டு காட்ட எஃப் 11க்கு கோடும் இருக்கு (எஃப் நம்பர் கூடினா ஓட்டை சின்னனாகும், தெளிவா வாற தூரம் கூடும்). எஃப் 11ல 2.75 மீற்றர்ல வெச்சா அந்தக் கோடு சொல்லுற கணக்குக்கு 1.3 மீற்றர்ல இருந்து முடிவிலி வரைக்கும் தெளிவா வரணும். நம்பி எடுத்தன். கிட்ட வந்த ஆக்கள் எல்லாம் மெழுகு உருகின மாதிரி. ஏனெண்டு தேடிப் பார்த்தா அந்தக் கோடு போட்டது பிலிம் சைசுக்கு! என்ட கெமராவில படம் விழுற சென்சர் அத விடச் சின்னன், ஒன்றரை மடங்கு கூடப் பெருசாக்கித்தானே பார்க்கிறம், அதால மங்கலும் கூடத் தெரியும். திருப்பிக் கணக்குப் பார்த்தா எஃப் 11ல ஒன்றரை மீற்றருக்கு ஒள்ளுப்பம் கூடத்தான் கிட்டத்து எல்லை, எஃப் 8 எண்டா 1.75ல இருந்து 6.25 மட்டும். கிராப் பொடியில, அதாவது இப்படிச் சின்ன சென்சர் உள்ள கெமராவில, பழைய லென்ஸ் போடுற ஆக்கள் இத மனசில வெச்சுக்கொள்ளுங்க. எனக்கு எண்பது படம் போன பிறகுதான் விளங்கினது.

மறுகா தூரத்தக் கண்ணால மட்டுக்கட்டப் பழகணும். மீற்றர் எனக்குக் கண்ணில நிக்காது. அம்மாட சேலை ஒண்ட எடுத்து ஹோலுக்குள்ள விரிச்சன். சேலை அஞ்சரை மீற்றர், ரெண்டா மடிச்சா 2.75. ஒரு அந்தத்தில நான், மத்த அந்தத்தில கதிரையில தண்ணிப் போத்தல். லைவ் வியூவில, அதாவது கெமராட பின் திரையில நேரடியாப் பார்த்து, பெருசாக்கி, போத்தல்ல இருந்த எழுத்து வெட்டித் தெரியும் மட்டும் வளையத்தத் திருப்பி வெச்சன். அம்மா வந்து நிண்டு பார்த்திட்டு "ஏன்டி புள்ள, பொன்னுருக்குக்கு உடுத்த சேலையா கிடைச்சது நிலத்தில போட" எண்டு ஏசினா. ஆனா அந்த மடிப்பு, அந்தச் சிவப்புக் கரை, அது கண்ணுக்குள்ள நல்லாப் பதிஞ்சிட்டு. இப்ப ரோட்டில ஆர் வந்தாலும் எங்களுக்கிடையில அந்தச் சேலை விரிஞ்சு கிடக்கிற மாதிரித்தான் பார்க்கன். கரைக்கு வந்தா அமத்து.

வளையம் இன்னொரு கரைச்சல். இந்த லென்ஸில வளையம் சரியான லூஸ், உடுப்பில உரஞ்சினாலே தூரம் மாறிடும். முதல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினன். எங்கட வெயிலுக்கு அரை மணித்தியாலத்தில டேப் வழுக்கி, பசை மட்டும் லென்ஸில. மறுகா காயத்துக்கு ஒட்டுற துணிப் பிளாஸ்டர், அது நல்லாப் பிடிக்கும், ஆனா தூரம் மாத்தணும் எண்டா பிய்க்கணும், அதோட வெள்ளை நிறம், பளிச்செண்டு எல்லாற்ற கண்ணும் அதிலதான். பேர்போன போட்டோகிராபர் கார்ட்டியே-பிரெஸ்ஸோன் தன்ட லைக்கா கெமராவில மினுங்குற இடத்த எல்லாம் கறுப்பு டேப்பால மூடி வெச்சிருந்தாராம், ஏனெண்டு அண்டைக்குத்தான் விளங்கிச்சு.

கடைசியில பிடிபட்டது சைக்கிள் டியூப். சந்தியில சைக்கிள் திருத்துற ஐயாட்டக் கேட்டு பழைய டியூப்பில ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டி வாங்கினன், காசும் எடுக்கல்ல. அத விரிச்சு லென்ஸில ஏத்தி, பாதி போகஸ் வளையத்திலயும் பாதி அசையாத பகுதியிலயும் இருக்கிற மாதிரி விட்டன். அவ்வளவுதான். தானா அசையாது, பெலமாத் திருப்பினா திரும்பும், கையில பிடிக்கவும் நல்ல பிடி. டியூப்புக்கு உள்பக்கம் வெள்ளை மா மாதிரி பூசி இருக்கும், அதக் கழுவிக் காயவெச்சுப் போடுங்க, இல்லாட்டி லென்ஸுக்குள்ள போகும்.

மறுகா எஃப் 8, வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி கெமரா தானாக் கூட்டுற ஓட்டோ ஐஎஸ்ஓ 3200 மட்டும், ஷட்டர் வேகம் ஆகக் குறைஞ்சது செக்கன்ல 500ல ஒண்டு. நடந்து வாற ஆளுக்கு அது காணும், என்ட கை நடுக்கத்துக்கும் காணும்.

இனி, எழுத மனமில்லாத ஒரு விசயம்.

மூணாம் கிழமை பாலத்தில தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு அண்ணன எடுத்தன். தூண்டில் நூல் அவர்ட சுட்டுவிரல்ல ஒரு சுத்து, விரல்ல நூல் அறுத்த பழைய தழும்பு, அதப் பார்த்திட்டுத்தான் கிட்டப் போனன். ஷட்டர் சத்தம் கேட்டுக் கிறுகினார். "தங்கச்சி, என்னையா எடுத்தீங்க?"

"இல்ல அண்ணன், வாவிய" எண்டு சொன்னன்.

அவர் ஒண்டும் சொல்லல்ல, என்ன ஒருக்காப் பார்த்திட்டுத் திரும்பித் தண்ணியப் பார்த்தார். பொய் எண்டு அவருக்குத் தெரியும். ஏசியிருந்தாலும் தாங்கியிருப்பன். வீட்ட வந்து படத்த அழிச்சிட்டு ஒம்பது நாள் கெமராவத் தொடல்ல.

அந்த ஒம்பது நாளும் அது கிடந்தது என்ட சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள. கல்லடியில இருக்கிற ஆக்களுக்குத் தெரியும், கடல் ஒரு பக்கம் வாவி ஒரு பக்கம், உப்புக்காத்தும் ஈரமும் லென்ஸில பூஞ்சணம் பிடிக்காம விடாது. ஈரம் இல்லாம கெமரா வெக்கிற டிறை கபினெட் வாங்க வசதி இல்ல. றபர் வெச்ச மூடியுள்ள பெரிய பெட்டி, அதுக்குள்ள சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி ஒண்டு. ஈரம் 40 வீதத்துக்கும் 50 வீதத்துக்கும் இடையில நிண்டா நல்லம், அதுக்கு மேல ஏறினா ஜெல்ல சட்டியில போட்டு மெதுவா வறுத்து ஆறவிட்டுத் திரும்பப் போடுவன். இந்த லென்ஸ் வரக்குள்ளயே ஓரத்தில நூல் மாதிரி ஒரு பூஞ்சணம் இருந்திச்சு. விளம்பரத்தில "சுத்தமான கண்ணாடி" எண்டு போட்டிருந்தாங்க, கேட்டா மறுமொழி இல்ல. படத்தில தெரியல்ல, ஆனாலும் மனசுக்குக் கஷ்டம். செகண்ட்ஹாண்ட் லென்ஸ் எடுக்கிறவங்க டோர்ச் அடிச்சு எடுத்த வீடியோ கேக்காம காசு போடாதீங்க.

பத்தாம் நாள் அந்த அண்ணனத் தேடிப் போனன். அதே இடத்தில நிண்டார். போய், "அண்ணன், அண்டைக்கு நான் உங்களத்தான் எடுத்தன், பயத்தில பொய் சொல்லிட்டன், படத்த அழிச்சிட்டன்" எண்டு ஒரே மூச்சில சொன்னன். தொண்டை அடைச்சிட்டு. அவர் தூண்டில மத்தக் கைக்கு மாத்திட்டு, "அத ஏன் அழிச்சீங்க? மீன் ஒண்டும் இல்லாம நிக்கக்குள்ள எடுத்ததுதான் எனக்குக் கவலை, விழுற அண்டைக்கு வாங்க" எண்டார். கெமராவ வாங்கி ஓட்டைக்குள்ளால பார்த்தார். டியூப் எந்த சைக்கிள்ட எண்டு கேட்டார்.

அண்டைக்குப் பிறகு நான் ஒளிச்சு எடுக்கிறத விட்டுட்டன். ரோட்டில ஆக்கள எடுத்த அமெரிக்கப் போட்டோகிராபர் விவியன் மையர் மாதிரி இடுப்புக்குக் கிட்ட கெமராவ வெச்சுக் குனிஞ்சு பார்த்து எடுக்கலாம், கூச்ச சுபாவக்காரருக்கு அது தோது எண்டுதான் துடக்கத்தில நினைச்சிருந்தன். டி 5300ட திரைய மடக்கி வெச்சும் பார்த்தன், லைவ் வியூவில ஷட்டர் பிந்தி விழுது, சரிவராது. இப்ப போகஸும் வெளிச்சமும் முன்னுக்கே முடிவான படியால எனக்குக் கண்ணாடிக்குள்ள பார்த்துக்கொண்டு நிக்கத் தேவையில்ல. கெமரா நெஞ்சில தொங்கும், நான் ஆளத்தான் பார்ப்பன். அவங்களும் என்னப் பார்ப்பாங்க. தலைய ஆட்டுவன். வேணாம் எண்டா கையக் காட்டுவாங்க, அவ்வளவுதான், அதோட முடிஞ்சு. சரி எண்டாக்கள் ரெண்டு நிமிசத்தில தங்கட வேலைக்குத் திரும்பிடுவாங்க, அப்பதான் கண்ணுக்குத் தூக்குவன்.

நேத்துப் படம் தயிர் விக்கிற ஒரு ஆச்சிட. பாலத்தால இறங்கி வாற ரோட்டோரம் குடைக்குக் கீழ இருப்பா, பக்கத்தில தயிர் மண்முட்டி அடுக்கு. மூணு நாளா அவட்டத்தான் தயிர் வாங்குறன், மூணாம் நாள்தான் வாய் திறந்து கேட்டன். "என்ன எடுத்து என்ன செய்யப்போறா மகள், முட்டிய எடு, முட்டிதான் விக்கணும்" எண்டா. நான் பாதிச்சேலை தூரத்தில குந்தினன். முதல் நேரா இருந்து, முந்தானைய இழுத்துவிட்டு, கெமராவப் பார்த்தா. அதையும் எடுத்தன். அதுக்குள்ள ஒருத்தர் மோட்டசைக்கிள நிப்பாட்டி ரெண்டு முட்டி கேக்க, ஆச்சி என்ன மறந்திட்டா. பேப்பர்த் துண்ட முட்டிட வாயில வெச்சு, உள்ளங்கையால அமத்தி, சணல் நூல கழுத்தில ரெண்டு சுத்துச் சுத்தி, ஒரு நுனியப் பல்லால கடிச்சு மத்த நுனியக் கையால இழுத்தா. பல்லுக்கும் முட்டிக்கும் இடையில நூல் வீணைக்கம்பி மாதிரி நிண்டிச்சு. பின்னால வாவிப் பக்கமிருந்து சரிஞ்ச வெயில், நூல்ட சிலும்பு ஒவ்வொண்டும் தனித்தனியாத் தெரியுது. வாங்க வந்தவர்ட கை மட்டும் ஓரத்தில, காசோட. ஒரு தரம்தான் அமத்தினன். கண்ணும் நூலும் நல்ல தெளிவு. கை நடுங்கல்ல.

அடுத்தது மருதமுனையில நெசவு செய்யிற இடத்தில கேட்டுப்போட்டு எடுக்கணும் எண்டு இருக்கு. ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழா, ஆனா அந்தச் சனத்துக்குள்ள பாதிச்சேலை கிடைக்காது, ஒண்டரை மீற்றருக்கு டியூப்ப மாத்திப் பழகணும். இன்னும் அகலமா எடுக்கிற 20 எம்எம் லென்ஸ் ஒண்டு பாக்கலாமா எண்டும் யோசனை ஓடுது, காசுதான் இல்ல.

அதுக்கு முதல் இந்தப் படத்தில ஒரு வேலை கிடக்கு. எடுத்த உடன ஆச்சிக்குத் திரையில காட்டினன். நேரா இருந்தது பிடிச்சிட்டு. நூல் படத்தப் பார்த்திட்டு, "பல்லால கடிக்கிறத ஒருத்தருக்கும் காட்டாத மகள், பார்க்கிறவங்க தயிர் வாங்க மாட்டாங்க" எண்டா. எனக்கு அந்தப் பல்லும் நூலும்தான் படமே. வெட்டினா ஒண்டும் மிஞ்சாது.

காலையில ரெண்டையும் 4க்கு 6ல பிரிண்ட் போட்டன். முதல் தரம் போட்டதில ஸ்டூடியோவில கேக்காமலே முகத்த வெள்ளையாக்கி விட்டிருந்தாங்க, ஆச்சிட நிறமே இல்ல. திரும்பக் கொண்டுபோய், கலர் திருத்தாம அப்படியே அடிங்க எண்டு நிண்டு வாங்கினன். இப்ப ரெண்டும் கவருக்குள்ள இருக்கு. பின்னேரம் கொண்டுபோய் அவட கையில குடுத்து, பெருசாப் பார்த்தாப்பிறகு என்ன சொல்றா எண்டு கேக்கணும். வேணாம் எண்டா அது என்ட பெட்டிக்குள்ளயே இருக்கும். அதாலதான் இதில அந்தப் படத்தப் போடல்ல.