வண்டியைக் கொஞ்சம் எடுக்கறீங்களா?

எங்கள் வேளச்சேரித் தெருவில் யார் வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு எழுதாத ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. எழுதாததால் ஆளுக்கு ஒரு விதமாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம்.

கீழ் வீட்டுப் பெரியவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். வாசலுக்கு நேரே தெருவில் இரண்டு பூந்தொட்டிகள் வைத்திருப்பார். செடி செத்து இரண்டு வருஷம் ஆகிறது, தொட்டிகள் மட்டும் பணியில் இருக்கின்றன. அனுமதியில்லாமல் தெருவில் வைத்த நோ பார்க்கிங் பலகை, தடுப்பு எல்லாவற்றையும் அகற்றச் சொல்லி 2024 தொடக்கத்தில் போக்குவரத்துப் போலீஸ் அறிவித்தது. மறுநாளே இரண்டு தொட்டியிலும் கற்றாழை நட்டுவிட்டார். "இப்ப இது தடுப்பு இல்ல சார், தோட்டம்" என்றார்.

எதிர்வீட்டுக்காரர் வேறு ரகம். கார் வெளியே போனதும் அந்த இடத்தின் நட்டநடுவே ஸ்கூட்டரை சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிறுத்துவார். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரிதான். கார் திரும்பி வந்ததும் ஸ்கூட்டரை எங்கே வைப்பது? என் கேட்டுக்கு முன்னால். கேட்டால், "அஞ்சு நிமிஷம் சார்" என்பார். அந்த ஐந்து நிமிஷத்தில் நான் ஒரு முறை காஞ்சிபுரம் போய்த் திரும்பியிருக்கிறேன்.

தெருக்கோடியில் ஒரு கார், கவர் போட்டபடி நிற்கிறது. கவரின் அடிப்பக்கம் கயிறு போட்டுக் கட்டி, மேலே ஒரு பூனை குட்டி போட்டு, அந்தக் குட்டிகளும் பெரிசாகிவிட்டன. உள்ளே கார் இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம்.

என்னையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு ரிவர்ஸ் வராது. வரும், ஆனால் தவணை முறையில் வரும். ஏழெட்டு முறை முன்னும் பின்னும் போய், ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் ஒடித்து அந்தப் பக்கம் ஒடித்து, கடைசியில் பார்த்தால் வண்டி கிளம்பின கோணத்திலேயே நிற்கும். எங்கள் வாட்ச்மேன் தாத்தா உதவிக்கு வருவார். "வரலாம் வரலாம்... வரலாம்... இன்னும் வரலாம்..." டங். "இடிச்சிட்டீங்க சார்." இந்தக் கடைசி வார்த்தையை மட்டும் அவர் தாமதமில்லாமல் சொல்வார். மனைவி ஓட்டினால் ஒரே வீச்சில் உள்ளே போய்விடும். அதை நான் பெரிதாக வெளியில் சொல்வதில்லை.

இப்படிப்பட்ட தெரு மொத்தமும் 2024 அக்டோபரில் மேம்பாலம் ஏறியது.

அதற்கு முந்தின டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் கார்கள் தண்ணீரில் நின்ற கதை தனி. இன்ஜினைப் பிரித்துக் காயவைத்து, மெக்கானிக் கொடுத்த பில்லைப் பார்த்து நானும் காய்ந்தேன். அதனால் 16ஆம் தேதிக்கு ரெட் அலர்ட் என்றதும், 14ஆம் தேதி திங்கட்கிழமையே ஆளாளுக்குச் சாவியை எடுத்துக்கொண்டு வேளச்சேரி மேம்பாலத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். ஆயுத பூஜை முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பாதி வண்டிகளில் முன்னால் கட்டின வாழைக்கன்று வாடித் தொங்க, நெற்றி நிறைய சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக நின்றன. வெள்ளத்துக்கு ஓடிவந்த மாதிரியே இல்லை, ஏதோ கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருந்தது.

அபராதம் போடுகிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பி, இல்லை என்று போலீஸே சொன்ன பிறகு இன்னும் நாலு வண்டி வந்தது.

வேடிக்கை என்னவென்றால், ஊரே பதறிக்கொண்டிருக்கும்போதும் எவனும் தன் பழக்கத்தைக் கீழே விட்டுவிட்டு வரவில்லை. எதிர்வீட்டுக்காரர் மகனை ஸ்கூட்டரில் முன்னால் அனுப்பி இடம் பிடித்திருந்தார். இரண்டாம் மாடி மென்பொருள் தம்பி வழக்கம்போல முன்னால் அரை வண்டி, பின்னால் அரை வண்டி இடம் விட்டு நிறுத்தினார். அதை 'சேஃப்டி' என்பார். கீழ் வீட்டுப் பெரியவர் டிக்கியைத் திறந்தார். உள்ளே இருந்து ஒரு கற்றாழைத் தொட்டி வெளியே வந்தது. வண்டிக்குப் பின்னால் வைத்து, சற்றுத் தள்ளி நின்று பார்த்து, இரண்டு விரற்கடை நகர்த்தினார்.

நான் கைப்பிடிச் சுவரை ஒட்டி நிறுத்தினேன். மனைவிதான் நிறுத்தினாள், சரி.

பயந்த அளவுக்கு 16ஆம் தேதி மழை இல்லை. வியாழக்கிழமை காலை வண்டி எடுக்கப் போனால், ஒரு வெள்ளைக் கார் என் காருக்கு இணையாக ஒட்டி நிற்கிறது. காற்றுகூட நுழையாது. கண்ணாடிக்குள் ஒரு சீட்டில் போன் நம்பர். நல்ல மனுஷன்தான் என்று நினைத்துக்கொண்டு அடித்தேன்.

"சார், வேளச்சேரி பாலத்துல உங்க வண்டி என் வண்டிய மறிச்சு நிக்குது. கொஞ்சம் எடுக்கறீங்களா?"

"எந்தப் பாலமுங்க?"

"வேளச்சேரி சார்."

"மெட்ராஸுங்களா? நான் பொள்ளாச்சிங்க. அந்த வண்டிய வித்து மூணு வருசமாச்சுங்க. வாங்குனவரு ஆர்சில பேரெல்லாம் மாத்தீட்டாருங்க, அந்தச் சீட்டத்தான் மாத்தல."

"அடிக்கடி போன் வருமா சார்?"

"முகூர்த்த நாள்னா வருமுங்க. ஆடித் தள்ளுபடி அப்ப ஒரே நாள்ல ஆறு போனுங்க, ஏதோ ஜவுளிக்கடைச் சந்தாம். நீங்க ஒண்ணு பண்ணுங்க, டயர்ல லேசா ஒரு உதை விடுங்க. அலாரம் நான் போட்டதுதானுங்க, சத்தம் நல்லா வரும்."

உதைத்தேன். பொய் சொல்லவில்லை மனுஷர். பாலத்தின் அந்தக் கோடி வரை கேட்டது. கால் மணி நேரத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் ஓடி வந்தார். "யார் சார் என் வண்டிய உதைச்சது?"

சீட்டைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். நம்பரை ஒருமுறை வாய்க்குள் படித்தார்.

"ஓ... அதான் எனக்கு யாருமே போன் பண்றதில்லையா? மூணு வருஷமா நான் யாருக்கும் தொந்தரவு கொடுக்காம நிறுத்தறேன்னு நினைச்சிட்டு இருந்தேன் சார்."

வண்டியை எடுத்தார். சீட்டை எடுத்தாரா என்று கவனிக்கவில்லை.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் என்றார்கள். எனக்கு ஒரு போன் வந்தது.

"ஏனுங்க, மறுக்கா புயலாமா? வண்டியப் பாலத்துல ஏத்தீட்டீங்களா?"

"இப்பதான் கிளம்பறோம் சார்."

"சுவத்தோரமா விடாதீங்க. மறிச்சு விட்டுருவாங்க. அப்புறம் எனக்குத்தான் கூப்புடுவீங்க."