மூவாயிரம் ரூபாய் பட்ஜெட்டும் ஒரு டிவிடியும்

அப்பா காலை ஆறு மணிக்குக் கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டுப் பால் வாங்கக் கிளம்புவார். பாலை வாங்கி, வழியில் நாலு பேரிடம் நின்று பேசி, வந்து காப்பியும் குடித்து முடித்தால் விண்டோஸ் தயாராக இருக்கும். அவருக்கு இதில் ஒரு குறையும் கிடையாது. குறை எனக்குத்தான். மின்கட்டணத்துக்குக் கடைசி நாள் ராத்திரி 11.40-க்கு உட்கார்ந்தேன், ஓடிபி வந்து காலாவதியாகி, மறுபடி வந்து மறுபடி காலாவதியாகி, அதைப் போடுகிற கட்டம் திறப்பதற்குள் தேதியே மாறிவிட்டது.

இது நடந்தது 2023 ஆடி மாதம். வீட்டு நிதியமைச்சர், அதாவது என் மனைவி, ஒதுக்கிய தொகை 3,000 ரூபாய். "புதுசு கேக்காம இருக்கீங்களே, அதுவே பெரிசு" என்று ஒரு பாராட்டும் சேர்ந்து வந்தது.

பெட்டி 2013-இல் வாங்கியது. இன்டெல் ஐ3, மூன்றாம் தலைமுறை, எச்61 ரக மதர்போர்டு (எல்லாப் பாகமும் செருகுகிற பலகை), 4 ஜிபி ரேம் (ஓடுகிற வேலைக்கான தற்காலிக நினைவகம்), 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆலோசனைக்குத் தாம்பரத்திலிருந்து அக்கா மகனை வரவழைத்தேன். காலேஜ் முதல் வருஷம், வந்ததும் வராததுமாக, "கிராபிக்ஸ் கார்டு போட்டுடலாம் மாமா" என்றான்.

"எதுக்குடா? தாத்தா பென்ஷன் ஸ்லிப்பை 4கே-ல பாக்கணுமா?"

அவன் விடவில்லை. அதற்காகவே பெட்டியைத் திறந்து, உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸைக் காட்டினேன். ஸ்டிக்கரில் 450 வாட் என்று போட்டிருக்கிறது, கையில் எடுத்தால் காலி டிபன் பாக்ஸ் கனம்தான் இருக்கிறது. இந்த லோக்கல் எஸ்எம்பிஎஸ்களில் ஸ்டிக்கரை நம்புவதைவிடக் கனத்தை நம்பலாம், இதில் கார்டைச் செருகினால் கார்டும் போகும் பெட்டியும் போகும் என்றதும் அடங்கினான்.

பெட்டியைத் திறந்தது தனி அனுபவம். பத்து வருஷத் தூசி விசிறியின் மேல் சாம்பல் நிறப் பஞ்சு மெத்தையாகப் படிந்திருந்தது. ஒரு மூலையில் பொரிந்துபோன பல்லி முட்டை ஓடு இரண்டு. ஹார்ட் டிஸ்க்குக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டை! என் மகள் மூன்று வயதில் முன்பக்க இடுக்கு வழியாகத் தபால் போட்டிருக்கிறாள். அம்மா அதை எடுத்துத் துடைத்து, "இன்னும் பசை இருக்கு" என்று பத்திரப்படுத்திக்கொண்டார்.

வியாதி எங்கே என்று பார்க்கக் காசு செலவில்லை, டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் போதும். பிராசசர் 9 சதவீதத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது, டிஸ்க் மட்டும் 100-இல் நின்று மூச்சு வாங்கியது. உள்ளே தகடு சுற்ற, ஊசி அங்கும் இங்கும் ஓடி ஒவ்வொரு துண்டு ஃபைலாகப் பொறுக்குகிற ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 10-ஐ ஏற்றினால் அப்படித்தான். ஆக முதலில் தகடும் ஊசியும் இல்லாத எஸ்எஸ்டி, அடுத்து ரேம், மற்றதெல்லாம் ஆசை.

சனிக்கிழமை கிண்டி வரை மின்சார ரயில், அங்கிருந்து மெட்ரோ, அரசினர் தோட்டத்தில் இறங்கி, கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிற ரிச்சி தெரு. ஆடித் தள்ளுபடி உண்டா என்று முதல் கடையில் கேட்டுவிட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அது தி.நகர் சார்" என்றார்.

எஸ்எஸ்டியிலும் ஒரு சபலம் வந்தது. சூயிங்கம் பட்டை மாதிரி ஒல்லியாக இருக்கிற என்விஎம்இ ரக எஸ்எஸ்டி ஒன்றை மருமகன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். எங்கள் எச்61 போர்டில் அதைச் செருக இடமே கிடையாது, வாங்கினால் சட்டைப் பையில்தான் செருகிக்கொள்ள வேண்டும். கேபிளில் மாட்டுகிற சாதாரண சாட்டா எஸ்எஸ்டி, 256 ஜிபி, 1,550 ரூபாய். டப்பாவில் நொடிக்கு 500 எம்பிக்கு மேல் என்று போட்டிருந்தார்கள், எங்கள் போர்டின் பழைய சாட்டா வாய்க்கு அதில் பாதிதான் இறங்கும். இறங்கட்டும், அவ்வளவு நேரம் காத்திருந்தவனுக்குப் பாதி போதாதா?

ரேமில்தான் மாட்டினேன். டிடிஆர்3 ரகம் வேண்டும், டிடிஆர்4 ரகம் அந்தத் துளையில் உட்காராது என்பதுவரை எனக்குத் தெரியும். பழைய ரேம் 8 ஜிபி எல்லாக் கடையிலும் 900 சொல்ல, ஒரு சந்துக் கடையில் மட்டும் 650. ரொம்பக் கெட்டிக்காரனாக நினைத்துக்கொண்டு வாங்கினேன். பிராசசர் சூட்டைக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட் 60, பெட்டியின் கடிகாரத்துக்கான சிமாஸ் பேட்டரி 30.

வீட்டுக்கு வந்து மாட்டி ஆன் செய்தால் திரை கறுப்பு. நீளமாகப் பீப், விட்டு விட்டுப் பீப். "யாருடா வாசல்ல ஆட்டோவை ரிவர்ஸ் எடுக்கறது?" என்று பூஜை அறையிலிருந்து அம்மா. ரேமைக் கழற்றி, தங்க நிறப் பல்வரிசையை மகளின் ரப்பரால் அழுத்தித் தேய்த்து, ஊதி, மறுபடி இரண்டு பக்கமும் 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். பொதுவாக இந்த வைத்தியம் பலிக்கும். அன்றைக்கு ஆட்டோ ரிவர்ஸிலேயேதான் போய்க்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுத் திரும்பப் போனேன். கடைப் பையன் ரேமைத் திருப்பிப் பார்த்து, "சார், இது ஏஎம்டி ரேம் சார்" என்றான், நான் ஏதோ அழுகின தேங்காயைக் கொண்டுவந்த மாதிரி. உள்ளே சிப் அடுக்கியிருக்கிற விதம் வேறாம், இன்டெல்லின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியின் போர்டு படிக்கும், இன்டெல் போர்டு படிக்காது, விலை குறைவின் ரகசியம் அதுதான். "வாங்கும்போது சொல்லலையேப்பா?" "நீங்க கேக்கலையே சார்." மேலே 250 கொடுத்து மாற்றினேன். ஆக அதுவும் 900. மொத்தம் 2,540, பயணச் செலவை நிதியமைச்சரிடம் தனியாகத் தாக்கல் செய்யவில்லை.

இந்தத் தடவை பீப் இல்லை. பழைய 4, புது 8, மொத்தம் 12 ஜிபி. எஸ்எஸ்டியை எடுத்தபோதுதான் தெரிந்தது, டப்பாவில் எஸ்எஸ்டி மட்டும்தான் இருக்கிறது, கேபிள் கிடையாது. 40 ரூபாய்க் கேபிளுக்காக மூன்றாவது முறை ரிச்சி தெருவா? டிவிடி டிரைவின் கேபிளைப் பிடுங்கி எஸ்எஸ்டிக்குக் கொடுத்துவிட்டேன். எட்டு வருஷமாக யாரும் அந்தத் தட்டைத் திறந்ததில்லை. எஸ்எஸ்டியை மாட்டச் சட்டமும் வாங்காததால் இரண்டு பக்க டேப்பில் ஒட்டினேன், உள்ளே சுற்றுகிற பாகம் ஒன்றும் இல்லாததால் அது பாட்டுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். ராத்திரி முழுக்கப் பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்குப் பிரதியெடுத்தேன். காலையில் பட்டனை அழுத்தினால் 25 நொடி. அப்பா செருப்பைக்கூடப் போடவில்லை. அவருக்குச் சந்தோஷமா வருத்தமா என்று இன்றுவரை தெரியாது, "இனிமே பாலுக்கு எப்பப் போறது?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மாமனார் மாமியார் வந்தார்கள், மருமகனும் கூடவே வந்தான். அப்பா அவர்களை உட்காரவைத்து, ராக்கெட் மாதிரி ஓடுகிறது என்று இரண்டு முறை அணைத்துப் போட்டுக் காட்டினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். உள்ளே போய் பீரோவிலிருந்து ஜிகினா உறை போட்ட எதையோ எடுத்துவந்து, "2004-ல நடந்த நம்ம பசங்க கல்யாணம், டிவிடி அப்படியே வச்சிருக்கேன். போடுறா!" என்றார்.

டிரைவ் தட்டு திறந்தது, மூடியது, அவ்வளவுதான். ஞாயிறு, ரிச்சி தெருவில் கடைகளும் கிடையாது. சம்பந்தி வீட்டார் எதிரில் பெட்டியைத் தரையில் படுக்கவைத்து, பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கி டிவிடிக்கு மாட்டினேன். படம் ஓடியது. மாப்பிள்ளை அழைப்பு முடிந்து பந்தி வந்தது, சம்பந்தி மாமா லட்டை வாய்க்குள் வைக்கிற இடத்தில் டிவிடியில் கீறல், படம் அப்படியே நின்றுவிட்டது. முழுத்திரையில் திறந்த வாய், பாதி லட்டு.

அறையில் யாரும் பேசவில்லை. சம்பந்தி மாமா தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பி ரொம்ப அக்கறையாகக் கேட்டார்:

"ரேம் கம்மியோ, மாப்ளே?"