படுத்திருந்த காந்தம் எழுந்து நின்ற கதை
காந்தத்தைத் திருப்ப இன்னொரு காந்தம் வேண்டும் என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். காலியம் ஆர்சனைடு என்ற குறைக்கடத்தியில் கொஞ்சம் மாங்கனீசு கலந்து (1996இல் ஜப்பானில் இயற்பியலாளர் ஓனோவின் குழு செய்து காட்டியது) அதே காலியம் ஆர்சனைடு மேல் மென்படலமாக வளர்த்தால், படலத்தின் அணு இடைவெளி அடித்தளத்தைவிடச் சற்றே பெரிது என்பதால் பக்கவாட்டில் நெருக்குண்டு, காந்தம் (அதாவது அதன் வட-தென் திசை) பொதுவாகப் படலத்தோடு படுத்தே கிடக்கும். சரி, நடுவில் இண்டியம் கலந்த அடுக்கு ஒன்றைப் போட்டால்? அந்த அடுக்கின் அணு இடைவெளி படலத்துடையதைவிடப் பெரிது என்பதால் இப்போது படலம் இழுபடுகிறது, காந்தம் செங்குத்தாக எழுந்து நிற்கிறது! இத்தனைக்கும் இடைவெளி வித்தியாசம் ஒரு சதவீதம் அளவுதான். மாங்கனீசு அணுக்களைக் காந்தமாக இணைப்பவை துளைகள், அதாவது எலக்ட்ரான் இல்லாத காலி இடங்கள். இந்த நெருக்கலோ இழுப்போ (திரிபு) அந்தத் துளைகளின் ஆற்றல் மட்டங்களைப் பிரித்துவிடுகிறது, காந்தம் படுப்பதா நிற்பதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஒரே வருத்தம், சுமார் 200 கெல்வினுக்கு (மைனஸ் 73 டிகிரி செல்சியசுக்கு) மேல் காந்தமே போய்விடும், வீட்டு ஃப்ரீசர் குளிர்கூடப் போதாது.