புத்தகத்தை வடிவமைக்கக் கொடுத்து நான் பட்ட பாடு

என் சிறுகதைத் தொகுப்பு போன வாரம் அச்சகத்திலிருந்து வந்து சேர்ந்தது. 160 பக்கம், 300 கொப்பி. எழுதி முடிக்க இரண்டு வருடம். வடிவமைப்புக்கு மட்டும் ஏழு மாதம். அதில் ஐந்து மாதம் வீணாகப் போனது. இலங்கையின் மலையகத்தில் சொந்தக் காசைப் போட்டுப் புத்தகம் கொண்டுவர நினைப்பவர்கள் எனக்குத் தெரிந்தே பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புத்தகத்துக்கான சர்வதேச அடையாள இலக்கமான ஐஎஸ்பிஎன் எடுப்பதில் ஒரு சிரமமும் இல்லை. கொழும்பில் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு விண்ணப்பித்தேன், 978-624 என்று தொடங்கும் இலக்கம் வந்தது. சிக்கல் எல்லாம் எழுத்தில்தான்.

கதைகளை நான் எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் முறையில் அடித்திருந்தேன். கண்டியில் நான் பிடித்த டிசைனர் அதை பாமினிக்கு மாற்றிப் பக்கம் அமைத்தார். பாமினியில் பழகியவர்கள் நம் நாட்டில் நிறைய, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய ஃபொன்ட். அது இல்லாத கணினியில் போர்வை விலகிவிடும். எனக்கு இது தெரியாது. பென் டிரைவை எடுத்துக்கொண்டு விடியற்காலை பஸ்ஸில் அட்டனிலிருந்து கினிகத்தேனை, அவிசாவளை வழியாகக் கொழும்புக்குப் போனேன். அச்சகத்தில் ஃபைலைத் திறந்தால் தமிழே இல்லை. ‘தமிழ்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அப்போது இருந்த 128 பக்கமும் அப்படித்தான். டிசைனருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுப் போன பயணம். அதே பென் டிரைவோடு இரவு வீடு திரும்பினேன்.

அச்சுக்குக் கொடுப்பது ஃபொன்ட் உள்ளே பதிந்த பீடீஎப் ஆக இருக்கட்டும். கொடுப்பதற்கு முன் உங்கள் போனிலேயே ஒரு தடவை திறந்து பாருங்கள். போனில் பாமினி இருக்காது. அங்கே தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால் அச்சகத்திலும் தெரியும்.

பாமினி வேண்டாம், யூனிகோட்டிலேயே செய்யுங்கள் என்று கண்டி டிசைனரிடம் பிடிவாதமாகச் சொன்னேன். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் போட்டு அனுப்பினார். அதைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. ‘கொழுந்து’ என்ற சொல் முழுப் புத்தகத்திலும் உடைந்து கிடந்தது. முதலில் க, அதற்குப் பின்னால் கொம்பு, அதற்கும் பின்னால் கால். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரம், எல்லாமே எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றன. “யூனிகோட்டில் இப்படித்தான் வரும் அக்கா, ஒவ்வொன்றாகக் கையால் திருத்தவேண்டும், அதற்குத் தனிக் காசு” என்றார். நம்பினேன். இரண்டு மாதம் திருத்தினார், நானும் புரூஃப் பார்த்தேன். ஒன்று சரியானால் இன்னொன்று உடைந்தது.

தலவாக்கலையில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது அந்தப் புரூஃபைப் பார்த்தான். “டீச்சர், இது ஒரு செட்டிங்தானே” என்றான். இன்டிசைனில் பந்திக்கான மெனுவில் வேர்ல்ட்-ரெடி கொம்போசர் என்று ஒன்று இருக்கிறது. அதைத் தெரிவு செய்தால்தான் தமிழ் உயிர்மெய் தன் இடத்துக்கு வரும். அவன் லெப்டொப்பில் என் மூலப் பிரதியைப் போட்டுத் தெரிவு செய்தான், கொழுந்து கொழுந்தாக வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றோடு வேலையை அவனிடம் மாற்றினேன். கண்டியில் கொடுத்த முற்பணம் திரும்பவில்லை.

எழுத்து உடைந்ததைக்கூட மன்னிக்கலாம். அந்த டிசைனர் என் சொற்களையும் ‘திருத்தி’யிருந்தார். பெரட்டுக்களத்தைப் புரட்டுக்களம் ஆக்கியிருந்தார். விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு எங்கள் தேயிலைத் தோட்டங்களில் காலங்காலமாக அதுதான் பெயர். அது பிழை என்று அவரே முடிவு செய்துவிட்டார். ஆகவே வட்டாரச் சொற்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, இவற்றைத் தொடக்கூடாது என்று முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

அட்டைக்கு முதலில் வந்தது கூம்புத் தொப்பி போட்ட பெண்கள் சிரித்துக்கொண்டு கொழுந்து பறிக்கும் படம். எந்த நாடோ தெரியவில்லை. எங்கள் அம்மாமார் படங்கை (இடுப்பில் சுற்றும் தடித்த துணி) கட்டிக்கொண்டு, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறியவர்கள். வேண்டாம் என்றேன். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துச் சுவரில் ஆணியில் தொங்கும் கூடைக் கயிற்றைப் பக்கத்து வீட்டுத் தம்பி படமெடுத்தான். வட்ஸ்அப்பில் அனுப்பியதும் படம் சுருங்கிவிட்டது. ஏ5 அட்டைக்கு, வெட்டுக்கு விடும் 3 மில்லிமீற்றரையும் சேர்த்தால், அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ) கணக்கில் ஏறக்குறைய 1,820 க்கு 2,550 பிக்சல் வேண்டும். டொகியூமென்டாக அனுப்பினால் சுருங்காது. திரையில் பளபளத்த அட்டையின் பச்சை நிறம் தாளில் மங்கிப்போகும் என்பதையும் மனதில் வையுங்கள். ஒரு கலர் புரூஃப் தாளில் எடுத்துப் பார்க்காமல் சரி சொல்லாதீர்கள். பார்கோடை அந்தப் பச்சைமேல் நேராகப் போட்டிருந்தார்கள், வெள்ளைக் கட்டம் போடச் சொல்லி மாற்றினோம்.

அப்புறம் முதுகு, அதாவது புத்தகத்தின் தடிப்பு தெரியும் ஓரம். 128 பக்கம் என்று கணக்குப் பண்ணி அட்டையை முன்பே முடித்துவிட்டார்கள். 80 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 80 கிராம்) தாள் ஒன்று சுமார் 0.1 மில்லிமீற்றர் தடிப்பு, 64 தாளுக்கு 6.4. பிறகு வயதானவர்கள் வாசிக்கட்டும் என்று எழுத்தை 10 பொயின்டிலிருந்து 11 ஆக்கினேன், 160 பக்கம் ஆனது. அது 8 மில்லிமீற்றர். யாருமே அட்டையை மாற்றவில்லை, முதுகில் இருக்கவேண்டிய தலைப்பு புரூஃபில் ஓரத்துக்கு நழுவிப்போய் நின்றது. உள்பக்கம் முடியும்வரை முதுகைத் தொடவே விடாதீர்கள். பக்கங்களை 16 இன் மடங்காக வைத்தால் வெற்றுத்தாள் மிஞ்சாது. கடைசித் தவணையைக் கொடுக்குமுன் பீடீஎப்போடு மூல ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். அது இருந்தால் இரண்டாம் பதிப்புக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை.

பெட்டியைப் பிரித்ததும் நான் அட்டையைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. நேரே 31ஆம் பக்கத்தைத் திறந்தேன். பெரட்டுக்களம் பெரட்டுக்களமாகவே இருந்தது.