ரிவர்ஸில் ஏறிய ஃபோர்டு

நவம்பர் 6, இரவு

இன்று என் முறை. வாரத்தில் ஒரு ராத்திரி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன், சம்பளம் கிடையாது, டீசல் ஊர்ப் பணத்தில். ஏற்காட்டு மழைக்கு நாய்கூட வெளியே வரவில்லை, போனும் அடிக்கவில்லை. முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டவென்றே பிரான்சுக்குக் கப்பல் ஏறிய அமெரிக்கப் பையன்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் நாடு போரில் இறங்கியது 1917-இல். இவர்கள் 1915-இலேயே பிரெஞ்சுப் படையோடு வேலை பார்த்திருக்கிறார்கள். பாதிப் பேர் காலேஜ் பிள்ளைகள்.

நவம்பர் 8

அவர்கள் வண்டி ஃபோர்டு மாடல் டி. 20 குதிரைத்திறன், அவ்வளவுதான். பிரான்சின் வோஸ்ஜ் மலையில் அதுவரை காயம்பட்டவர்களைக் கோவேறு கழுதை மேல்தான் இறக்கினார்களாம். கனமான வண்டி ஏறாத பாதையில் இந்த லேசான ஃபோர்டு ஏறிவிட்டது. இந்த வண்டியில் ஒரு கூத்து உண்டு. பெட்ரோல் டாங்கி சீட்டுக்கு அடியில், பம்பு கிடையாது, பெட்ரோல் தானாக வழிந்துதான் என்ஜினுக்கு வரவேண்டும். டாங்கி குறைந்திருக்கும்போது செங்குத்தான ஏற்றம் வந்தால் வண்டி நின்றுவிடும். அதனால் மாடல் டி வைத்திருந்தவர்கள் வண்டியைத் திருப்பி, டாங்கி என்ஜினுக்கு மேலே இருக்கும்படி ரிவர்ஸிலேயே மேடு ஏறுவார்கள். இதை என்கூட ஓட்டுகிற அண்ணனிடம் சொன்னேன். “இருபது கொண்டை ஊசியையும் ரிவர்ஸ்ல ஏத்துவியாடா?” என்றார்.

நவம்பர் 13, விடியற்காலை

இப்போதுதான் சேலத்திலிருந்து திரும்பினேன். இடுப்பெலும்பு முறிந்த ஒரு பாட்டி. ரோடு இல்லாத ஊர், நாலு பையன்கள் கம்பளியில் டோலி கட்டி மழையில் ரோடுவரை தூக்கி வந்தார்கள். ஒரே பனிமூட்டம். ஹைபீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான், டிம்மில் இரண்டாவது கியரில் இறக்கினேன். தாத்தா பின்னாலிருந்து “மெதுவா போ தம்பி, வலிக்குதாம்” என்பார், அடுத்த வளைவில் “சீக்கிரம் போ தம்பி” என்பார். இரண்டுமே நியாயம்தான், என்ன செய்ய? 1916-இல் பிரான்சின் வெர்துன் போர்க்களத்து ரோட்டில் அந்தப் பையன்கள் ராத்திரியில் விளக்கே போடாமல் ஓட்டினார்கள், வெளிச்சம் தெரிந்தால் குண்டு விழும். குண்டைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்த இருட்டில் பள்ளத்தில் இறங்கும்போது பின்னால் கத்தினவனுக்கு என்ன பதில் சொன்னார்கள் என்று தெரிய வேண்டும்.

நவம்பர் 14

டோலிப் பையன்கள் நினைப்பாகவே இருக்கிறது. 1899-இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் காந்தி சேர்த்த ஆம்புலன்ஸ் படையும் இப்படித்தான், வண்டி இல்லை, தோள்தான். சுமார் 1,100 பேர், அதில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள், தமிழர்கள் நிறைய. ஸ்ட்ரெச்சரோடு ஒரு நாளைக்கு 20, 25 மைல் நடந்திருக்கிறார்கள்.

அந்தக் கம்பளி வண்டியிலேயே கிடந்தது. துவைத்துப் போட்டிருக்கிறேன். இந்த மழையில் எப்போது காய்ந்து, எப்போது கொண்டுபோய்க் கொடுப்பதோ.